படகு இயந்திரத்தின் திறனைக் கூட்டினால் ஆயுள் குறைவது ஏன்?

உதியன்குளங்கரை: கேரளத்தின் தென் எல்லையில் உள்ள பூவார், பொழியூர் கடற்கரைகளில் நாட்டுப்படகு மீனவர்களின் வாழ்வாதாரமே படகின் பின்புறம் பொருத்தப்படும் வெளிப்பொருத்து இயந்திரம்தான். கூடுதல் வேகத்துக்காக அதில் செய்யப்படும் மாற்றங்கள் அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

இவ்வகை இயந்திரங்களில் பல, பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவு என்பதால், அவற்றின் அழுத்த விகிதமும் குறைவாகவே வடிவமைக்கப்படுகிறது. சிலிண்டர் தலையைச் செதுக்கி அழுத்தத்தைக் கூட்டினால், எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரியும். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இயந்திரம் வேகமாகச் சுழலச் சிறிய புரியிடைத் தூரம் கொண்ட சுழல்விசிறியைப் பொருத்துவதும் ஆபத்தே. சுழற்சி வேகம் 10 சதவீதம் உயர்ந்தால், பிஸ்டன் இணைப்புத் தண்டின் மீதான நிலைமவிசை 21 சதவீதம் உயரும்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் எரிபொருளுடன் கலக்கும் எண்ணெயே உட்பாகங்களுக்கு உயவு. செலவைக் குறைக்க எண்ணெயைக் குறைத்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.

முழுச் சுமையுடன் செல்லும்போது தயாரிப்பாளர் வரையறுத்த சுழற்சிக்குள் இயங்குமாறு சுழல்விசிறியைத் தேர்வதும், கரை திரும்பியபின் குளிர்விப்புப் பாதையை நன்னீரால் கழுவுவதும் ஆயுளை நீட்டிக்கும். நடுக்கடலில் இயந்திரம் நின்றால், இழப்பு பணத்தோடு முடிவதில்லை.