வேலை இருக்கிறதாம், யாரைக் கேட்பது?

கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றங்களைத் தாண்டிப் பழைய சோனகத் தெருப் பக்கம் நடந்தால் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரருக்கு ஒரு நாட்டாமை தேவையென்றால் அவர் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பதில்லை. தெரிந்தவரிடம் சொல்வார்; அல்லது "ஆள் தேவை" என்று எழுதிக் கடை வாசலில் ஒட்டுவார். இன்று அந்தக் கடதாசியை யாரோ படம் பிடித்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போட்டுவிடுகிறார்கள். சில நிமிடங்களில் அது முல்லைத்தீவுக்கும் மூதூருக்கும் போய்ச் சேர்கிறது. பஸ் காசைக் கடன் வாங்கிக்கொண்டு ஒருவர் புறப்பட்டு வருவதற்குள் ஆள் எடுத்தாயிற்று. படம் மட்டும் இன்னும் ஒரு மாதம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒன்றுசேர்த்து, நம்பத்தக்க ஒரு கைத்தொலைபேசிச் செயலியாக ஆக்க முடியாதா? நிலத்தை இழந்து நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்போது கணனி படித்தவர்கள். ஆகவே இதைச் சற்று ஆராய்வோம்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அனிருத் கிருஷ்ணா என்னும் ஆய்வாளர் ராஜஸ்தான் முதலிய இடங்களில், குடும்பங்கள் எப்படி வறுமையிலிருந்து மீள்கின்றன என்று ஆராய்ந்தார். வேலை இருக்கிறது என்ற செய்தியைப் பட்டணத்திலுள்ள உறவினரோ நண்பரோ சொல்லி, அதன்மூலம் விவசாயத்துக்கு அப்பால் ஒரு வருமானம் கிடைத்த குடும்பங்களே பெரும்பாலும் மீண்டன என்று அவர் கண்டார். இதை வாசித்த ஷோன் பிளாக்ஸ்வெட் என்பவர் 2007 இல் பெங்களூரில் 'பாபாஜொப்' என்ற சேவையைத் தொடங்கினார். சமையற்காரர், சாரதி, காவலாளி போன்றோருக்கானது அது. ஒருவரை வேலையில் சேர்த்துவிட்ட நண்பருக்கும் அது சிறு தொகை கொடுத்தது. இணையம் இல்லாதவர்கள் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தாற் போதும், அங்கிருந்து திருப்பி அழைப்பார்கள். 2017 இல் குவிக்கர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. நமக்கு இங்கே முக்கியமானது அந்த மிஸ்ட் கோல்தான். விலை கூடிய தொலைபேசி வைத்திருப்பவருக்கு மட்டும் உதவும் செயலி நம் குடும்பங்களுக்கு அரைப் பயன்தான்.

பதிவுகளை இயந்திரத்தால் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முன்புபோல் இலகுவல்ல. முகநூல் நிறுவனம் 2024 ஏப்ரலில், குழுக்களின் பதிவுகளை வெளிச் செயலிகள் எடுக்க இருந்த வழியை மூடிவிட்டது. வட்ஸ்அப்பும் அவ்வாறு அள்ளுவதை அனுமதிப்பதில்லை. எனவே மனிதர்தான் வேண்டும். பதிவைக் கண்டவர் செயலிக்கு அனுப்ப, பொறுப்பானவர் ஒருவர் அந்த இலக்கத்துக்கு அழைத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இடம் எங்கே? சம்பளம் நாட்கூலியா, மாதமா? தங்க இடம் உண்டா? ஆள் இன்னும் தேவையா? விடை கிடைத்த பிறகே அதைப் போட வேண்டும். ஒரே விளம்பரம் இருபது பேரிடமிருந்து வந்தாலும், தொலைபேசி இலக்கத்தை ஒப்பிட்டு ஒன்றாக்கிவிடலாம். அது கணனிக்கு ஏற்ற வேலை. சம்பளத்தையும் கணனி பார்த்துக்கொள்ளும். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த விளம்பரத்தைத் தனியே எடுத்து வைத்து விசாரிக்கலாம்.

இனி வேலை தேடுபவரின் பக்கம். எந்தப் படிவத்திலும் நம்மவர் "தொழில்: விவசாயம்" என்று எழுதுவார். அத்துடன் கதை முடிந்தது! ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தொழில்கள்? நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டத் தெரியும். லான்ட்மாஸ்டர் ஓட்டத் தெரியும். கிணறு இறைக்க, வேலி அடைக்க, மூட்டை கட்டி எடை பார்க்கத் தெரியும். பெண்களுக்கு நாற்றுமேடை, கோழி வளர்ப்பு, கணக்குக் கொப்பி எல்லாம் கைவந்தவை. நல்ல செயலி "உங்கள் தொழில் என்ன?" என்று கேட்காது, "இவற்றில் எதைச் செய்வீர்கள்?" என்று படத்துடன் கேட்கும். இதைச் செய்யாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம் என்பேன்.

பெயரும் விலாசமும் சேர்க்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல், கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையென்று பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் வேலை தேடி வந்தவர்களும் இருந்தார்கள். மறுநாளே புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில், இனி எவரையும் அவ்வாறு வெளியேற்றக் கூடாதென்று இடைக்காலத் தடை விதித்தது. யார் எங்கே தங்குகிறார், என்ன தேடுகிறார் என்ற பட்டியல் தவறான கையில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் அடையாள அட்டை இலக்கத்தையும் லொட்ஜ் விலாசத்தையும் கேட்காமலே விடுவதுதான் மேல். தொலைபேசி இலக்கமும் மாவட்டமும் போதும்.

வெளிநாட்டு வேலைப் பதிவுகளைத் தனியாகவே வைக்க வேண்டும். தாய்லாந்தில் கணனி வேலை என்ற பதிவை நம்பிப்போன இலங்கை இளைஞர்கள், 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். முகவர் எவராயினும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும் என்பது 1985 ஆம் ஆண்டுச் சட்டம். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முகவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாத வெளிநாட்டுப் பதிவைச் செயலி ஏற்கவே கூடாது. விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்று சொல்லும் பதிவையும் அப்படியே.

முதல் நாளே பெரிய செயலி வேண்டியதில்லை. ஒரு சங்கக் கட்டிடம், ஒரு தொலைபேசி, காலையில் இரண்டு மணித்தியாலம் உட்கார ஒரு பிள்ளை இருந்தால் ஆரம்பிக்கலாம். வந்த பதிவுகளைக் கொப்பியில் எழுதி, அழைத்து விசாரித்து, சரியானவற்றை மாத்திரம் வட்ஸ்அப் குழுவில் குரற்பதிவாகவும் போடலாம். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கு அது உதவும். ஏழு நாள் கடந்த ஒவ்வொரு பதிவுக்கும் மறுபடி அழைத்து, ஆள் எடுத்திருந்தால் அதன்மேல் "முடிந்தது" என்று எழுதிவிட வேண்டும்.