வளரும் பிள்ளைக்கு நீடித்து உழைக்கும் உடை

புதிய பாடசாலை ஆண்டு நெருங்கும் வேளையில் புடைவைக் கடைகளிலும் தையற்கடைகளிலும் கூட்டம் அலைமோதுவது வழமை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இச்செலவு பல குடும்பங்களுக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகியுள்ளது. அணிந்து செல்லத் தகுந்த சீருடை இல்லையென்று பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் நம்மிடையே உளர். ஆகவே, எந்த உடை மலிவானது என்பதைவிட, எது நீண்டகாலம் உழைக்கும் என்று நோக்குவதே பொருத்தமானதாகும்.

அரச பாடசாலை மாணவர்களுக்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டம் 1993ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குத் தேவையான சீருடைத் துணி முழுவதையும் சீனா நன்கொடையாக வழங்கியது. எனினும் துணி இலவசமாகக் கிடைத்தாலும் தையற்கூலி பெற்றோரின் கையிலிருந்தே செல்கின்றது. முஸ்லிம் மாணவியரின் சீருடையில் நீள்காற்சட்டையும் தலைமறைப்பும் சேர்வதால் அச்செலவு மேலும் கூடுகின்றது.

ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை உயரமாகின்றது. பருவமடையும் வயதில் இது இன்னும் விரைவாக நிகழும். இவ்வுயரம் முழுவதும் கால்களில் மாத்திரம் கூடுவதில்லை. ஆகவே, காற்சட்டையின் அல்லது கவுணின் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைத்தால், அது ஓராண்டு வளர்ச்சிக்குத் தாராளமாகப் போதும். இடுப்பிலும் பக்கத் தையல்களிலும் ஓர் அங்குலம் விடச் சொல்லலாம். தையற்காரரிடம் இதனை அளவெடுக்கும்போதே கூறிவிட வேண்டும். வெட்டிய பின்னர் கேட்பதில் பயனில்லை. பருத்தித் துணியாயின், தைக்கக் கொடுக்குமுன் ஒரு தடவை நீரில் ஊறவைத்து உலர்த்துதல் அவசியம். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

மடிப்பை அவிழ்த்ததும் பழைய கோடு தெரிவதுண்டு. பெரியவர்களுக்கு இது சிறு விடயம். வகுப்பிலே சக பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகும் சிறுமிக்கு அது சிறு விடயமன்று. வினாகிரி கலந்த நீரால் அவ்விடத்தை நனைத்து அழுத்தினால் கோடு பெரும்பாலும் மங்கிவிடும். நிறத்துணியில் முதலில் மறைவான ஓரிடத்தில் பரீட்சித்துப் பார்ப்பது நன்று.

ஆயத்த ஆடைகளைக் கொள்வனவு செய்வோர், கடையிலேயே உடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தயங்கக்கூடாது. மலிவான பல ஆடைகளில் தையலை ஒட்டியே துணி வெட்டப்பட்டிருக்கும். பெரிதாக்க வழியே இராது. தையல் நெருக்கமாக உள்ளதா, சட்டைப்பைகளின் மூலைகள் இருமுறை தைக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாங்கும் மினுக்க உடைகள் இப்பரீட்சையில் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன என்பதே நமது அவதானிப்பு. இரண்டு தடவை அணிந்து அலுமாரியில் முடங்கும் அவ்வுடைக்குச் செலவிடும் பணத்தில், ஆண்டு முழுவதும் அணியத்தக்க நல்லதொரு பருத்தி உடையை வாங்கிவிடலாம்.

துணியைப் பொறுத்தவரை, நமது வெப்பத்துக்கும் வியர்வைக்கும் பருத்தியே உகந்தது. பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. கழுவும்போது நுண்ணிய பிளாஸ்ரிக் இழைகளும் நீரில் கலக்கின்றன. ஆயினும் ஒரே சீருடையை மாலையில் கழுவி மறுநாள் காலை அணியவேண்டிய பிள்ளைக்கு, விரைவில் உலரும் கலப்புத் துணி கைகொடுக்கின்றது. அதனைக் குறைகூற நாம் முற்படவில்லை. இயலுமான குடும்பத்தினர் இரண்டு சீருடைகளை மாறிமாறிப் பாவித்தால் ஒவ்வொன்றும் கூடிய காலம் உழைக்கும்.

வெள்ளைச் சீருடையைப் பளிச்சிடச் செய்ய அடிக்கடி குளோரின் பாவிப்பது பருத்தி இழையைப் பலவீனப்படுத்தும். கறையைக் காயவிடாது அன்றே சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தினாலே போதுமானது. நிற உடைகளை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் மங்காது.

அண்ணனின் காற்சட்டை தம்பிக்கு வருவது நம் வீடுகளில் புதிதல்ல. வீட்டுக்கு வெளியே கொடுப்பதிலும் பெறுவதிலுந்தான் கூச்சம் இருக்கின்றது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஆண்டிறுதியில் அளவு சிறுத்த சீருடைகளைச் சேகரித்து, யார் கொடுத்தது, யாருக்குச் சென்றது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதவாறு பகிர்ந்தளிக்கலாம். கொடுப்போர் கழுவி, அழுத்தி, அறுந்த பொத்தான்களைத் தைத்து, கழுத்துப்பட்டியின் உள்ளே எழுதிய பெயரையும் அகற்றிக் கொடுத்தல் வேண்டும்.