மலைநாட்டுச் 'சம்பேன்'

பிரான்சு நாட்டுச் சம்பேன் மதுவின் பெருமை நிலத்தாலும் கைவினையாலும் அமைந்தது. நுவரெலியாத் தேயிலையையும் 'இலங்கைத் தேயிலையின் சம்பேன்' எனச் சுவை வல்லார் போற்றுவர். எங்கள் கந்தப்பளையைச் சூழ்ந்த 6,000 அடிக்கு மேற்பட்ட மலைக் குளிரில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் செறிகின்றது.

சம்பேன், புட்டியினுள் மதுவத்தால் மீண்டும் நொதிக்கும். தேயிலையோ மதுவமின்றியே, வாட்டி உருட்டக் கசியும் தன் சாறு காற்றோடு கலந்து செந்நிறமடையும். அப்பதமறிந்து உலர்த்துதலே கைவினை. பொழுது தவறின் மணம் கெடும்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளித் தந்த எம் மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. மாணவர்காள், தேநீரின் புகழைப் பேசுங்கால் அவ்விரல்களையும் நினைமின்.