எல்லைப்புறத் தமிழும் உள்ளூர் வானொலியும்

1. முன்னுரை

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நாகர்கோவிலில் தொடங்கப்பெற்றது. ஒலிபரப்பு வரலாற்று நூல்கள் இதனை ஒரு நிருவாக நிகழ்வாகவே குறித்துச் செல்கின்றன. மொழிநோக்கில் காணும்போது இந்நிகழ்வு வேறொரு வினாவை எழுப்புகின்றது. எந்தத் தமிழ் ஒலிவாங்கியின் முன் பேசப்படத் தகுதியுடையது என்பதே அவ்வினா. உள்ளூர் நிலையம் என்பதன் தன்மையையும், அதன் மொழி மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்தும் செய்தியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

2. எல்லையும் அலையும்

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதனால் எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றங்கரையில் உள்ள கள்ளிக்காடு போன்ற ஊர்ப்பகுதிகளில் வாழும் தமிழர்க்குப் பள்ளியும் அலுவலகமும் பெரும்பாலும் மலையாளத்தின்வழியே அமைந்தன.

எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கும், அலையைப் பிரிப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து பாறசாலை சாலைவழியே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ளது. இந்நிலப்பகுதி முன்பு இரு பெருநிலையங்களின் இடையில் இருந்தது. ஒன்று, 1943 மார்ச்சு 12இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950 ஏப்ரல் 1இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த திருவனந்தபுரம் நிலையம். மற்றொன்று, 1963இல் தோன்றிய திருநெல்வேலி நிலையம். இவ்விரண்டும் பரந்த நிலப்பரப்புக்குரியவை. குமரிப் பகுதி அவற்றிற்கு ஓர் ஓரமே. 1984இல் அவ்வோரம் மையமாயிற்று.

3. ‘உள்ளூர்’ என்பதன் பொருள்

உள்ளூர் நிலையத்தைக் குறைந்த ஆற்றலுடைய பெருநிலையம் எனக் கருதுதல் பொருந்தாது. வேறுபாடு செய்தி செல்லும் திசையில் உள்ளது. தில்லித் தமிழ்ச் செய்தியறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அங்குப் பணியாற்றியோரின் பதவிப்பெயரே ‘செய்தி வாசிப்பாளர்–மொழிபெயர்ப்பாளர்’ என்பதாக இருந்தது. ஆங்கில மூலம் தமிழாகி, எல்லாத் தமிழர்க்கும் பொதுவான நடையில் ஒலித்தது. ஆண்டுதோறும் பல்லாயிரம் தொடர்களை இவ்வாறு ஆக்கியளித்த அம்மொழிபெயர்ப்பாளர்களின் பங்கு இக்காலத் தமிழ் உரைநடைக்குப் பெரிது. உள்ளூர் நிலையமோ ஒலிப்பதிவுக் கருவியுடன் வயலுக்கும் கடற்கரைக்கும் செல்ல வேண்டியது. அங்கு மூலம் தமிழே. அதுவும் பேச்சுத் தமிழே.

இங்கிலாந்தில் 1967இல் லெசுட்டர் நகரில் பி.பி.சி. தன் முதல் உள்ளூர் நிலையத்தைத் தொடங்கியதும், இந்தியாவில் பி.ஜி. வர்கீசு குழு 1978இல் பரவலாக்கப்பட்ட ஒலிபரப்பை வலியுறுத்தியதும் இக்கருத்தின் பின்புலமாகும்.

4. பெயர் வழக்கு

இப்பகுதியில் நிலையத்தின் பெயரே மொழியெல்லையைக் காட்டுவதாயிற்று. மலையாள நிலையங்கள் ‘ஆகாசவாணி’ என்றே தம்மை அறிவிக்கின்றன. தமிழகத்தில் ‘வானொலி’ வேரூன்றிவிட்டமையால், 2023 மே மாதத்தில் பிரசார் பாரதி ‘ஆகாசவாணி’யையே எங்கும் வழங்குமாறு பணித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ‘பண்பலை’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. ‘அதிர்வெண் பண்பேற்றம்’ என்னும் நீண்ட கலைச்சொல் மக்கள் வாயில் நில்லாது, ‘பண்பலை’ நின்றது. நாகர்கோவில் நிலையம் இன்று 101 மெகாஹெர்ட்சில் ‘குமரி பண்பலை’ என வழங்குகின்றது.

5. வட்டாரச் சொல்லின் நிலை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மரவள்ளி ‘மரச்சீனி’ எனவும், பலா ‘சக்கை’ எனவும், நேந்திரன் ‘ஏத்தன்’ எனவும், பதநீர் ‘அக்கானி’ எனவும் வழங்கும். எல்லைக்கு அப்பால் மலையாளம் பேசுவோரிடமும் இவை உண்டு. எனவே பிற மாவட்டத்தார் இவற்றை ‘மலையாளக் கலப்பு’ என எளிதில் ஒதுக்கிவிடுவர். இருமொழியும் பகிர்ந்துகொண்ட பழஞ்சொத்தைக் கடனெனக் கொள்ளும் பிழை இது. இச்சொற்களை அறியாத ஒருவர் பயிர்நோய் பற்றிய குறிப்பைத் திருத்தமாக மொழிபெயர்த்திருப்பினும், அது உரிய உழவரைச் சென்றடையாது போகலாம். ஊரார் சொல் வானொலியில் ஒலிக்கும்போது குறிப்பும் விளங்குகின்றது. அச்சொல்லும் மதிப்புப் பெறுகின்றது. தமிழ்ப்பள்ளி அருகிய எல்லைக் குடும்பத்தார்க்கு இம்மதிப்பு சிறிதன்று.

6. எச்சரிக்கையின் மொழி

சொல்தேர்வு உயிரோடு தொடர்புறும் இடம் வானிலை அறிக்கையாகும். ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’, ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’, ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்பன வரையறையால் வேறானவை. தாழ்வு மண்டலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ.; ஆழ்ந்த மண்டலத்தில் 50 முதல் 61 கி.மீ.; 62ஐ எட்டினால் அது புயல். கண்ணால் படிப்போர்க்குத் தெளிவான இவ்வேறுபாடு, இரைச்சலிடையே ஒருமுறை மட்டும் கேட்கும் காதுக்கு மழுங்கிப்போகும். கடற்றொழிலாளர் காற்றை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசையால் அறிவர். ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். எண்ணும் திசையும் அவர்கள் சொல்லோடு சேர்ந்து வரும்போதே அறிக்கை எச்சரிக்கையாகின்றது.

2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் முற்பகலிலேயே குமரிக்கடலில் புயலாயிற்று. ஒரு நாளுக்குள் பெயர் இருபடி உயர்ந்தது. முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவர் பலர் மீளவில்லை. பண்பலை நேர்கோட்டில் செல்வதாதலின் அது கரையோரத்தையே எட்டும், தொலைகடலை எட்டாது. எனவே உள்ளூர் வானொலியால் ஆகக்கூடியது, படகு புறப்படுமுன் கரையிலேயே சொல்லைத் தெளிவாகச் சேர்த்தலாகும்.

7. முடிவுரை

உள்ளூர் வானொலியின் அளவுகோல் அதன் அலை எட்டும் தொலைவன்று. அதன் சொல் எட்டும் ஆழமே ஆகும். நாகர்கோவிலின் வரலாறு, பொதுத்தமிழுக்கும் வட்டாரத்தமிழுக்கும் இடையிலான மாற்றமும் ஒரு மொழிபெயர்ப்பே என்பதைப் புலப்படுத்துகின்றது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர், புதுச்சொல்லை ஏட்டில் சேர்ப்பதற்கு முன் எல்லையூர் ஒன்றில் உரக்கச் சொல்லிக் கேட்பது நலம் பயக்கும்.