ஹாஜி நாரை வந்துவிட்டதா?



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் துருக்கி நாட்டு வீடுகளில் ஒரு பேச்சு எழும். "நாரை வந்துவிட்டதா? பறக்கக் கண்டாயா, நிற்கக் கண்டாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்வார்கள். வசந்தத்தின் முதல் நாரையை வானில் பறக்கக் கண்டவருக்கு அவ்வாண்டு முழுவதும் பயணம் வாய்க்குமாம். தரையில் நிற்கக் கண்டவர் வீட்டோடு இருக்க வேண்டியதுதானாம். ஊர் ஊராகச் சுற்றிக் கொண்டிருப்பவரைப் பார்த்து, "இவர் நாரையை வானத்தில் பார்த்தவர்" என்று இன்றும் அங்கே கேலி பேசுவதுண்டு.

பறவையைக் கொண்டு சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை. ஆகவே இதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே கொள்வோம். ஆனால் இந்த வேடிக்கைக்குள் ஓர் இயற்கை உண்மை ஒளிந்திருக்கிறது. வசந்தத்தின் குளிர் நாளில் நாரை ஏன் தரையில் நிற்கிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், வலசை போகும் பறவையின் வாழ்வும் சாவும் நம் கண்முன் விரியும்.

செங்கால் நாரை

துருக்கியர் எதிர்பார்த்திருக்கும் இந்தப் பறவை நமக்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். மூன்று அல்லது நான்கு கிலோ எடை. விரித்தால் இரண்டு மீட்டர் அளவுக்கு நீளும் சிறகுகள். வெண்ணிற உடல், கறுத்த சிறகோரம், சிவந்த அலகு, சிவந்த கால்கள். ஆம், சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கியபடி தம் மனைவிக்குத் தூது விடுத்தாரே, அதே செங்கால் நாரைதான்! பிளந்த பனங்கிழங்கைப் போன்ற அதன் அலகையும், அது தெற்கே குமரி வரை சென்று பின்னர் வடக்கே திரும்புவதையும் அப்புலவர் கவனித்துப் பாடியிருக்கிறார். பறவை நோக்குவது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத் தந்த கலை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இந்த நாரைக்குக் குரல் கிடையாது. மேலலகையும் கீழலகையும் விரைந்து மோதி 'லக்லக்' என்று ஒலியெழுப்பும். அரபு மொழியில் அதன் பெயரே 'லக்லக்'தான். துருக்கியில் அதுவே 'லெய்லெக்' ஆயிற்று.

கடலுக்கு அஞ்சும் பயணி

ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் செங்கால் நாரைகள் குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா செல்கின்றன. ஜெர்மனியில் கூடு கட்டிய நாரை தென்னாப்பிரிக்கா வரை போவதுண்டு. ஒரு வழிப் பயணமே சுமார் 10,000 கிலோ மீட்டர். போகும்போது ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வசந்தத்தில் திரும்பி வருவதற்கோ ஒன்றரை மாதம் வரை பிடிக்கும்.

இவ்வளவு தொலைவைச் சிறகடித்தே கடப்பதென்றால் அந்தக் கனத்த உடல் தாங்காது. இறைவன் அதற்கு வேறொரு வழி காட்டியிருக்கிறான். வெயிலில் நிலம் சூடேறும்போது அதன் மேலுள்ள காற்றும் சூடேறி மேலெழும்பும். நாரை அந்த வெப்பக் காற்றுக்குள் புகுந்து, சிறகை அசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயரும். போதிய உயரம் ஏறியதும் சறுக்கிக் கொண்டே முன்னே செல்லும். தாழ்ந்ததும் அடுத்த வெப்பக் காற்றைத் தேடிப் பிடிக்கும். வானவெளியில் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் (67:19) நம்மை அழைப்பதை இங்கே நினைவு கூரலாம்.

கடலின் மீது இத்தகைய வெப்பக் காற்று எழுவதில்லை. அதனால் மத்தியதரைக் கடலை நேராகக் கடக்க நாரைகள் துணிவதில்லை. கடல் எங்கே குறுகியிருக்கிறதோ, அங்கே வந்து கடக்கின்றன. மேற்கே ஜிப்ரால்டர் ஒரு வாசல். கிழக்கே இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிரிக்கும் போஸ்பரஸ் நீரிணை மற்றொரு வாசல். சுமார் 30 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்த நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர் அகலமே உடையது. ஆசியக் கரையில் ஏறிய உயரத்தைக் கொண்டே பறவை சறுக்கி ஐரோப்பியக் கரையை அடைந்துவிடும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நாரைகள் இந்தக் கிழக்கு வழியாகப் போய்வருகின்றன.

நாரைக் குளிர்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இஸ்தான்புல்லில் மார்ச் மாதம் பெயரளவுக்குத்தான் வசந்தம். கருங்கடலிலிருந்து 'பொய்ராஸ்' என்னும் வடகிழக்குக் காற்று வீசினால் கம்பளிச் சட்டையைத் துளைத்துக் கொண்டு குளிர் ஏறும். அந்நாட்டுப் பெரியவர்கள் இக்குளிருக்குத் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள். மார்ச் நடுவில் வருவது 'கிழவிக் குளிர்'. நாரைகள் வந்து சேரும் நாட்களில் திடீரெனத் திரும்பும் குளிருக்கு 'நாரைக் குளிர்காலம்' என்று பெயர். அதையொட்டி வரும் புயலுக்கு 'தகைவிலான் புயல்' என்று பெயர். பஞ்சாங்கத்தையே பறவைகளின் பெயரால் குறித்து வைத்திருக்கிறார்கள்!

மேகம் மூடிய குளிர் நாளில் நிலம் சூடேறாது. நிலம் சூடேறாவிட்டால் வெப்பக் காற்று எழாது. வெப்பக் காற்று இல்லையேல் நாரை பறக்க இயலாது. அப்போது அது வயலிலும் சதுப்பிலும் இறங்கி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக் கொண்டு, ஒற்றைக் காலில் நின்று வெயிலுக்காகக் காத்திருக்கும். தரையில் நிற்கும் நாரையைக் கண்டவருக்குப் பயணம் இல்லை என்று சொன்னார்களே, உண்மையில் பயணம் தடைப்பட்டிருப்பது அந்த நாரைக்குத்தான்!

நீங்களும் வாருங்கள்

அத்தகைய ஒரு குளிர்காலையில் போஸ்பரஸின் ஐரோப்பியக் கரையிலுள்ள ஸரியெர் குன்றுகளில் நீங்கள் நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கையில் தூரநோக்கியுடன் வந்தவர்கள் தேநீரைக் குடித்தபடி பேசாமல் நிற்கிறார்கள். பறவை பார்ப்பதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். பத்து மணிக்கு மேல் மேகம் கிழிந்து வெயில் விழுகிறது. எதிர்க்கரையில் புகைத் தூசி போல ஏதோ சுழல்கிறது. தூரநோக்கியை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான நாரைகள்!

எதிர்க்கரையில் தெரிவது நாரைதான் என்று எவ்வாறு அறிவது? கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக் கொள்ளும். நாரை கழுத்தையும் காலையும் நேராக நீட்டிப் பறக்கும். கொக்கினும் பெரிய சாரசக் கொக்கு இனங்கள் அணிவகுத்துக் கத்திக் கொண்டு போகும். நாரைக் கூட்டத்தில் அணியும் இல்லை, ஒலியும் இல்லை. கூழைக்கடாவுக்கு அலகின் கீழ்ப் பை உண்டு. இவற்றுடன் கழுகுகளும் பருந்துகளும் அதே காற்றில் ஏறி வரும். சற்று முன்பு வரை வயலில் விறைத்து நின்ற பறவைகள் இப்போது ஒரு சிறகடிப்பும் இன்றி உங்கள் தலைக்கு மேல் கண்டம் விட்டுக் கண்டம் கடக்கின்றன. ஸுப்ஹானல்லாஹ் என்று நா தானாகவே சொல்லும்.

ஹாஜியார் என்னும் மரியாதை

துருக்கிய மக்கள் இப்பறவையை வெறுமனே நாரை என்று அழைப்பதில்லை. 'ஹாஜி நாரை' என்பார்கள். குளிர்காலத்தில் தெற்கே மறையும் பறவை மக்கா சென்று ஹஜ் செய்துவிட்டு வசந்தத்தில் திரும்புகிறது என்று முன்னோர் எண்ணினார்கள். ஹாஜியாரை யாராவது கல்லால் அடிப்பார்களா? வீட்டுப் புகைபோக்கியில் கூடு கட்டினால் விரட்டுவார்களா? தங்கள் கூரை தேர்ந்தெடுக்கப்பட்டதே பாக்கியம் என்று மகிழ்ந்தார்கள்.

பறவைகளிடம் உதுமானியர் காட்டிய பரிவுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியிலுள்ள அயாஸ்மா பள்ளிவாசல், யெனி வாலிதே பள்ளிவாசல் ஆகியவற்றின் சுவர்களில் சிட்டுக்குருவிகளும் புறாக்களும் தங்குவதற்காகச் செதுக்கப்பட்ட சிறு மாளிகைகளை இன்றும் காணலாம். இரண்டும் 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. பூர்ஸா நகரத்திலோ, காயமுற்றும் நோயுற்றும் பயணத்தைத் தொடர முடியாமல் தங்கிவிட்ட நாரைகளுக்கென்றே ஒரு புகலிடம் இருந்தது. 'குரபாகானே இ லக்லகான்' என்று பெயர். திக்கற்ற நாரைகளின் இல்லம் என்று பொருள். துருக்கியக் கவிஞர் அஹ்மத் ஹாஷிம் 1928இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்புக்கு இப்பெயரையே சூட்டினார்.

நம்பிக்கையும் அறிவும்

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் குளிர்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்பது புரியாமல் இருந்தது. சில பறவைகள் குளத்துச் சேற்றில் உறங்குவதாகக் கூட எண்ணினார்கள். 1822இல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் நீண்ட அம்பு ஒன்று தைத்திருந்தது. அது ஆப்பிரிக்க அம்பு! அம்பு தைத்த கழுத்தோடு அப்பறவை ஊர் திரும்பியிருந்தது. ராஸ்டாக் பல்கலைக் கழகத்தில் அது பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ளது. 1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் மார்ட்டென்ஸன் பறவைக் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் இடும் முறையைத் தொடங்கினார். பின்னர் செயற்கைக்கோள் வந்தது. 'இளவரசி' என்று ஜெர்மானியர் பெயரிட்ட பெண் நாரை ஒன்றின் பயணம் 1994 முதல் 2006 வரை பின்தொடரப்பட்டது.

இவற்றால் தெரிய வந்ததென்ன? நாரைகளின் பெருவழி துருக்கி, சிரியா, லெபனான், ஜோர்தான் பள்ளத்தாக்கு, ஸினாய், சூயஸ் வளைகுடா, நைல் நதி என்று செல்கிறது. மக்கா அவ்வழியில் இல்லை. அப்படியானால் ஹாஜி நாரை என்று கொண்டாடிய பெரியவர்கள் ஏமாந்தவர்களா? செய்தியில் தவறினார்கள், செயலில் தவறவில்லை. பறவையின் பாதையை அறியாத அவர்கள் அதற்குக் கூரை கொடுத்தார்கள். பாதையைத் தெளிவாக அறிந்த நம் காலத்திலோ, லெபனானின் வானத்தில் வலசைப் பறவைகள் விளையாட்டுக்காகச் சுட்டு வீழ்த்தப்படுகின்றன. உயரழுத்த மின்கம்பிகளில் சிக்கி நாரைகள் கருகுகின்றன. இஸ்தான்புல்லின் வடக்கே, பறவைகள் கடக்கும் அதே வான்வழியில், 2018இல் மிகப் பெரிய விமான நிலையம் ஒன்றும் திறக்கப்பட்டது.

ஒரு வாரக் குளிரின் விலை

இவ்வளவு ஆபத்துகளுக்கு நடுவே வசந்தக் குளிரும் சேர்ந்து கொண்டால் என்னவாகும்? 1997ஆம் ஆண்டு அதைக் காட்டியது. துருக்கியிலும் அதன் அண்டை நாடுகளிலும் நீடித்த குளிரால் நாரைகள் வழியிலேயே தேங்கி நின்றன. தாமதமாக ஊர் சேர்ந்த இணைகள் தாமதமாகவே முட்டையிட்டன. பல முட்டையிடவே இல்லை. கிழக்கு வழி நாரைகளுக்கு அவ்வாண்டு குஞ்சுகள் மிகக் குறைவு. 2020 ஏப்ரலில் கிரேக்க நாட்டில் வீசிய கடும் வடகாற்று ஆப்பிரிக்காவிலிருந்து களைத்து வந்த தகைவிலான்களையும் உழவாரன்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றது. ஏதென்ஸ் நகரத் தெருக்களில் அவை விழுந்து கிடந்தன.

குளிரைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் குளிரில் இறங்கி நிற்கும் பறவைக்கு எஞ்சியிருக்கும் தெம்பு கொஞ்சம்தான். படம் எடுக்க அருகில் ஓடினாலோ, வேடிக்கைக்காகக் கைதட்டி எழுப்பினாலோ, அது சிறகடித்தே பறக்க வேண்டும். அடுத்த நாள் பயணத்திற்கென்று சேமித்த வலுவை நாம் பறித்தவர்களாவோம். அதனால்தான் நல்ல பறவை நோக்கர்கள் தொலைவில் நின்று பார்க்கிறார்கள்.

நம் முற்றத்திலும்

சகோதர சகோதரிகளே! இதற்காக நாம் இஸ்தான்புல் போக வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம்மூர் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளைப் பாருங்கள். அவையும் வடக்கே புறப்படும் பயணிகளே. கோடியக்கரைக்குப் போனால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக வளையமிட்டு ஆராய்ந்து வந்த பறவைகளின் இனங்களைக் காணலாம்.

அக்கழகத்தின் பெயரோடு இணைந்தவர் ஸாலிம் அலி (1896-1987). சிறுவனாக இருந்தபோது அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் எடுத்துச் சென்றார். மாமா அமீருத்தீன் அவரைக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அந்த ஒரு கேள்வி இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞரை நமக்குத் தந்தது. உங்கள் பிள்ளை ஒரு பறவையைக் காட்டி, "இது என்ன? எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டாதீர்கள். உடன் நின்று பாருங்கள். நாளையும் மாதத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பூர்ஸாவை அடுத்த உலுஅபாத் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில், ஒரு மீனவரின் படகில் வந்து அமரும் நாரை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வசந்தந்தோறும் திரும்பி வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் பறந்து, குளிரில் காத்திருந்து, அதே படகைத் தேடி வந்தது. போன ஆண்டு அங்கே அதற்குத் தீங்கு நேரவில்லை. அந்த நம்பிக்கையைக் கொடுப்பதுதான் விருந்தோம்பும் வீட்டாரின் கடமை. வரும் வசந்தத்தில் முதல் வலசைப் பறவையைப் பறக்கக் கண்டாலும் சரி, தரையில் நிற்கக் கண்டாலும் சரி, அதன் பயணம் நலமாக முடிய ஒரு துஆச் செய்துவிட்டு, சற்றே விலகி நில்லுங்கள்.