அச்சு முறிந்த தலம் சொல்லும் பயணப் பாடம்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலம். இங்கே ஈசன் ஆட்சீசுவரராக எழுந்தருளியிருக்கிறார். 'இறுதல்' என்னும் சொல்லுக்கு முறிதல் என்று பொருள். அச்சு இற்ற ஊர் என்பதால் அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றது என்பது தலபுராணம்.

முப்புரங்களை அழிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமியே தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்கள் ஆயினர். நான்கு வேதங்களும் குதிரைகளாயின. பிரம்மதேவர் சாரதியானார். இத்தனை சிறப்புடைய தேரின் அச்சு, இத்தலத்தில் முறிந்து நின்றது. புறப்படுமுன் விநாயகரை வணங்க மறந்ததே காரணம் என்று உணர்ந்து, அவரை வழிபட்ட பிறகே தேர் நகர்ந்தது என்பர்.

இந்த வரலாற்றைச் 'சாமி கும்பிடாமல் வண்டி எடுக்காதே' என்ற ஓர் எச்சரிக்கையாக மட்டுமே நாம் கொள்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஈசன் ஏறிய தேருக்கே அச்சு முறியுமானால், நம் வண்டி வழியில் நிற்பது அபசகுனமும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. ஓடும் பொருள் எதுவாயினும் ஒருநாள் நிற்கும். அவ்வாறு நின்றால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே எண்ணி வைப்பதுதான் முதற்கடமை. வண்டி பழுதாவதைக் காட்டிலும், பழுதான பின் வரும் முதல் கால் மணி நேரமே உயிருக்கு உலை வைப்பது.

தொழிற்சாலைகளின் நடுவே திருத்தலங்கள்

அச்சிறுபாக்கத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் சென்னை நோக்கி வந்தால், பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் அருள்பாலிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலை அடையலாம். அங்கிருந்து பிரியும் சாலை ஒரகடம், வல்லம் வடகால் வழியாக, 1017-ஆம் ஆண்டு இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் போய்ச் சேர்கிறது. இடையில், சுமார் ஏழு அடி உயரத்தில் முருகப்பெருமான் நின்றருளும் வல்லக்கோட்டைக்கும் வழி பிரிகிறது. கிருத்திகையிலும் சஷ்டியிலும் குடும்பம் குடும்பமாக அடியார்கள் செல்லும் பாதை இது.

அதே பாதைதான் இன்று நாட்டின் பெரிய வாகனத் தொழிற்சாலைகளின் பாதையாகவும் இருக்கிறது. ஒரகடத்தில் கார்களும் கனரக லாரிகளும் உருவாகின்றன. வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க வசதி உண்டு. பணி முறை மாறும் வேளைகளில் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. நாம் விசுவரூப தரிசனத்திற்கென்று இருள் பிரியுமுன் புறப்படும் வேளையில், இரவுப் பணி முடிந்தவர்களின் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் சாலையை நிறைத்திருக்கின்றன.

டிரெய்லர் ஏன் நடுச்சாலையில் நிற்கிறது?

சாலை நடுவே நிற்கும் லாரியைக் கண்டதும், 'ஓரமாக நிறுத்தக்கூடாதா?' என்று ஓட்டுநரைக் கடிந்துகொள்கிறோம். பல வேளைகளில் அது அவரால் இயலாத காரியம். கனரக வாகனங்களின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. குழாயில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்தால், வண்டி கட்டுப்பாடின்றி ஓடாதிருக்கும் பொருட்டு, உள்ளே உள்ள வலுவான சுருள்வில் சக்கரங்களைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆயினும் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கசிவைச் சரிசெய்து காற்றை ஏற்றும் வரை நகராது.

இழுவை வண்டியும் டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 55 டன் வரை இருக்க நம் நாட்டில் அனுமதி உண்டு. நம் சிறு கார் ஒரு டன் அளவே. ஆகவே, நிற்கும் டிரெய்லரின் மீது கார் மோதினாலும், நிற்கும் கார் மீது டிரெய்லர் மோதினாலும் இழப்பு நமக்கே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளாகவே 30 மீட்டருக்கு மேல் போய்விடும். பிறகு வண்டி நிற்க அதனினும் அதிக தூரம் வேண்டும். இருளில் விளக்கின்றி நிற்கும் வண்டியை அருகில் வந்தபின் கண்டு பயனில்லை.

லாரி நின்றதும் பின்னால் மரக்கிளையை ஒடித்துப் போடுவதும் கற்களை அடுக்குவதும் நம் ஊர் வழக்கம். கிளையாவது அசைந்து கண்ணில் படும். ஆனால் லாரி சரியாகிப் போன பிறகும் கற்கள் அங்கேயே கிடக்கின்றன. அவற்றில் ஏறி நிலைதடுமாறுவோர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் வருவோர்தாம். கற்களை அகற்றிவிட்டுச் செல்வது பின்னால் வருபவருக்குச் செய்யும் தருமம்.

240 சக்கரங்களில் வந்த பெருமாள்

வாகனப் பழுதைப் பற்றி எண்ணும்போது, 2018-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஒரு பயணம் நினைவுக்கு வருகிறது. வந்தவாசி அருகிலுள்ள கொரக்கோட்டையில் ஒரே கல்லில் வெட்டியெடுக்கப்பட்ட பிரம்மாண்டமான மகாவிஷ்ணு சிலை, பெங்களூரு ஈஜிபுராவிலுள்ள கோதண்டராமசுவாமி கோயிலுக்குப் புறப்பட்டது. எடை சுமார் 350 டன். அதனைச் சுமந்த டிரெய்லருக்கு 240 சக்கரங்கள்.

சாதாரண வண்டி ஒரே பகலில் கடந்துவிடும் தூரத்தை அது கடக்க ஏறத்தாழ அரை ஆண்டு ஆயிற்று. பாரம் தாங்காமல் டயர்கள் வெடித்தன. குறுகிய கடைவீதிகளில் கட்டடங்களின் முகப்புகளை இடிக்க நேர்ந்தது. கிருஷ்ணகிரிப் பகுதியில், ஆற்றுப் பாலம் எடையைத் தாங்காது என்பதால் தற்காலிக மண்பாதை அமைத்துக் காத்திருந்து கடந்தார்கள். ஒருவழியாக 2019 ஜூனில் சிலை ஈஜிபுராவை அடைந்தது. வண்டி நின்ற ஊர்களிலெல்லாம் மக்கள் திரண்டு வந்து மாலை சாத்தி, கற்பூரம் காட்டி வழிபட்டார்கள்.

பக்தி ஒரு பக்கம் இருக்க, அப்பயணம் கற்பித்த உண்மை ஒன்று உண்டு. தெய்வத் திருமேனியே சுமையாயினும், டயர் தன் அளவுக்கு மேல் தாங்காது. பாலம் தன் வலுவுக்கு மேல் பொறுக்காது. வண்டி பெருமாளைச் சுமக்கிறதா பேரீச்சம்பழத்தைச் சுமக்கிறதா என்பது சக்கரத்துக்குத் தெரியாது. எட்டுப் பேர் செல்ல வேண்டிய வேனில் பதினான்கு பேரை ஏற்றி, மேலே மூட்டைகளையும் கட்டிவிட்டு, 'சாமி பார்த்துக்கொள்வார்' என்பது வேண்டுதல் ஆகாது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்தவர்கள். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் எனினும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலரின் கையில்தான் தேரின் திசையும் நிறுத்தமும் இருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேருக்கு, முட்டுக்கட்டையோடு திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டது. அதனால் தியாகராசப் பெருமானின் தேருக்கு மகிமை குறைந்துவிடவில்லை.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை

ஓய்வு பெற்றவர்களின் கார் பெரும்பாலும் வீட்டிலேயே நிற்கும். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும். 'ஐந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, டயர் புதிதாகவே இருக்கிறது' என்று எண்ணுவோம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டால், பூ தேயாதிருந்தாலும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிப்பது நலம். நின்றே இருக்கும் வண்டியின் பேட்டரியும் அவ்வாறே வலுவிழக்கும்.

காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறும் முன் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் வளைந்து நெளிந்து சூடேறும். வெயில் காலத்தில் வெடிப்பதற்கு அதுவே பெருங்காரணம். ஸ்டெப்னியையும் மறவாமல் பார்க்க வேண்டும். சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இல்லை. பஞ்சர் ஒட்டும் பொருள்கள் மட்டுமே தரப்படுகின்றன. நம் வண்டியில் எது உள்ளது என்பதை வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வேன் அமர்த்திச் செல்லும் குழுவினர், வாடகையைப் பேசும்போதே தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆவணம் பார்க்காமல் கடன் வழங்காத வங்கியில் பணிபுரிந்தவன் என்பதால் சொல்கிறேன்: கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஓட்டுநர் முந்தைய இரவு உறங்கினாரா என்பதையும் கேளுங்கள். சொந்தக் கார் வைத்திருப்போர், தம் காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்துள்ளதா என்று பார்த்து, அதன் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் ஒருவரிடம் இருப்பதில்லை. பயணத்திலும் அந்த முறை நல்லது. எண்கள் யாவும் மகனுடைய கைபேசியில் மட்டும் இருந்தால், அது அணைந்ததும் அனைவரும் கையறு நிலையில் நிற்போம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டு அம்மாவின் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும். ஆம்புலன்சுக்கு 108, காவல் உள்ளிட்ட அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. சென்னை–திருச்சி, சென்னை–பெங்களூரு சாலைகள் தேசிய நெடுஞ்சாலைகள். இவ்விரண்டையும் இணைக்கும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலை மாநில நெடுஞ்சாலை. அங்கே 112-ஐ அழைப்பதே தகும்.

இவற்றோடு ஒரு நாளைக்குக் கூடுதலான மாத்திரைகள், குடிநீர், சர்க்கரை நோயாளிகளுக்குப் பிஸ்கட், குடை, டார்ச் விளக்கு, சில்லறைப் பணம் ஆகியவை ஒரு தனிப் பையில் இருக்கட்டும். பையைப் பிரசாதக் கூடையின் அடியில் வைக்காமல், கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

வண்டி நின்றுவிட்டால்

ஓடும் நிலையில் சற்றேனும் இருந்தால், சாலையின் இடது ஓரத்தில், வளைவையும் மேம்பாலத்தையும் தவிர்த்து நிறுத்த வேண்டும். உடனே நான்கு விளக்குகளும் மின்னும் எச்சரிக்கைப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும்.

வெயிலோ மழையோ, 'பாட்டி மட்டும் உள்ளேயே இருக்கட்டும்' என்று பெரியவர்களை வண்டியில் விட்டுவிடுவது நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் தவறு. விரைவுச் சாலையில் நிற்கும் வண்டிக்குள் இருப்பதே மிகுந்த ஆபத்து. சாலையை விட்டு விலகி, தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால், மர நிழலில் உட்கார வைப்பதே பாதுகாப்பு. வண்டிக்கு முன்னும் நிற்கலாகாது. பின்னால் வரும் வாகனம் மோதினால் அது முன்னோக்கிப் பாயும். இறங்கவே இயலாத முதியவர் இருந்தால், அவருக்கு இருக்கைப் பட்டையை அணிவித்து, தாமதமின்றி 112-ஐ அழைக்க வேண்டும்.

புதிய காருடன் தரப்படும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் பலர் வண்டியில் உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அதை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தொலைவில், வேகம் மிகுந்த சாலையில் 100 மீட்டர் தொலைவில் வைக்க வேண்டும். உடல் வலுவுள்ள ஒருவர், சாலை ஓரமாகவே, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடந்து சென்று வைக்கட்டும். வலப்பக்கச் சக்கரம் பஞ்சரானால், சாலையை நோக்கி அமர்ந்து அதைக் கழற்றுவதைவிட உதவிக்குக் காத்திருப்பதே மேல். சக்கரம் மாற்றுவதாயின், தேர்க்காலுக்கு இடுவதுபோல் மற்றொரு சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இட்ட பிறகே ஜாக்கியை உயர்த்த வேண்டும்.

பிறர் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால், வழக்கு வருமோ என்று அஞ்சி விலக வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில், அச்சிறுபாக்கத்துக்கு அருகிலுள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அடுத்த முறை தலயாத்திரை புறப்படுகையில், வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிவீர்கள் அல்லவா? குனிந்ததுதான் குனிந்தீர்கள், அப்படியே டயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விக்கினம் தீர்ப்பவர் விநாயகர். அதற்கு நம் கண்ணையும் கையையும் கருவியாகத் தந்திருப்பவரும் அவரே.