குழந்தை ஏன் இறந்தது? நஞ்சுக்கொடி சொல்லும் பதில்!

பசு கன்று ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் கிராமத்து வழக்கம். வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில், பெண்ணின் நஞ்சுக்கொடியைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தார்கள். இப்போது அது ஆஸ்பத்திரியின் மஞ்சள் பைக்குள் போய், மருத்துவக் கழிவாக எரிக்கப்படுகிறது.

குழந்தை நலமாக இருந்தால் கவலையில்லை. வயிற்றிலேயே இறந்திருந்தால்?

கம்பம், போடி பக்கத்துப் பெண்கள் பலர் தினமும் ஜீப்பில் மலையேறி, இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். குழந்தை தவறிவிட்டால், “மாசமா இருக்கும்போது ஜீப்புல போகலாமா?”, “பப்பாளி தின்னியா?” என்று பழி தாயின் தலையில்தான் விழும். உண்மைக் காரணம் பெரும்பாலும் மஞ்சள் பையோடு போய்விடுகிறது.

நஞ்சுக்கொடி சுமார் அரை கிலோ எடையுள்ள, தட்டு போன்ற உறுப்பு. பெயரில்தான் நஞ்சு, குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தருவது அதுதான். நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் எடை போடுவார். தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பின்பக்கம் ரத்தம் உறைந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். ரொட்டி போலத் துண்டு போட்டால், ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன திட்டுகள் தெரியும். கிருமித்தொற்று மைக்ரோஸ்கோப்பில் பிடிபடும்.

அமெரிக்காவில் இறந்தே பிறந்த 512 குழந்தைகளை வைத்து நடந்து, 2017-ல் வெளியான ஆய்வில், காரணத்தைத் தேட அதிகம் உதவியது இந்தப் பரிசோதனைதான். சுமார் 65 சதவிகிதம் பேருக்குப் பயன்பட்டது. பிரேதப் பரிசோதனை 42 சதவிகிதம். இதில் குழந்தையின் உடலில் கத்தி படாது என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். சில நேரம் இதிலும் பதில் கிடைக்காது, உண்மைதான். ஆனால், எந்த ரிப்போர்ட்டிலும் பப்பாளி என்று எழுதியிருக்காது!

பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம், “நஞ்சுக்கொடியை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க” என்று கேட்டுவிடுங்கள். ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். உடனே முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. தேனி மாவட்டத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறை இருக்கிறது. அங்கே அனுப்ப முடியுமா, மதுரைக்கா என்பதையும் டாக்டரிடமே விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே காட்ட வேண்டும். சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவைப்படலாம். அதை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.